மேலே பட்டறை, கீழே மகிழுந்து

பரண் என்றதும் நம் நினைவுக்கு இரண்டு காட்சிகள் வரும். ஒன்று, விளைநிலத்தில் பறவைகளை ஓட்டுவதற்காகக் கால் நட்டுக் கட்டிய உயர்ந்த மேடை. மற்றொன்று, பழைய வீட்டின் அடுக்களைக்கு மேலே பலகை பரப்பி, அன்றாடம் தேவைப்படாத பாத்திரங்களையும் பெட்டிகளையும் ஏற்றி வைத்த இடம். முதலாவதில் ஆள் நின்று வேலை செய்தார். இரண்டாவதில் பொருள் மட்டுமே இருந்தது. கட்டடம் வரைபவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. பொருள் வைக்கும் பரணில் காற்று இல்லாவிட்டாலும் கேடில்லை. தலை இடித்தாலும் ஆண்டுக்கு இருமுறைதான் இடிக்கும். ஆள் நின்று நாள் முழுவதும் உழைக்கும் பரண் அப்படியன்று.

வீட்டோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் மகிழுந்துக் கொட்டகையும், அதன் மேலே ஒரு பட்டறையும் கொண்ட கட்டடம் வட அமெரிக்காவில் பரவலாகக் காணப்படுகிறது. குதிரை வண்டிக் காலத்தில் கீழே வண்டியும் மேலே வைக்கோலும் இருந்தன. வண்டிக்குப் பதிலாக மகிழுந்து வந்த பிறகு, மேல்தளம் வேறு பயன்களுக்கு மாறியது. நம் நாட்டில் இதற்கு நேர்மாறான வழக்கம் உண்டு. மலாய்க் கிராம வீட்டில் மக்கள் மேலே வாழ்ந்தார்கள்; தூண்களுக்கு இடையே உள்ள கீழிடத்தில் மிதிவண்டி, விறகு, கருவிகள் ஆகியவை இருந்தன. இரண்டிலும் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: ஒரே நிலப்பரப்பை இருமுறை பயன்படுத்துவது எப்படி?

ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். ஈப்போ நகரின் புறத்தே, சற்று நிலம் உள்ள ஒரு தனி வீடு. வீட்டில் இரண்டு மகிழுந்துகள். பணி ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் மரவேலையில் தேர்ந்தவர். மேசை, நாற்காலி, அலமாரி செய்து விற்கிறார். இதுவரை அவருடைய பட்டறை வீட்டு முன்கூடம். மரத்தூள் அடுக்களைவரை பறக்கிறது. பேரப்பிள்ளைகளுள் ஒருவருக்கு இழுப்பு நோய் இருப்பதால், இனி வீட்டுக்குள் ரம்பம் ஓடக்கூடாது என்று குடும்பம் முடிவெடுத்துவிட்டது. அச்சம் வீணானதன்று. மரத்தூள் மூச்சுக்குழாயை உறுத்துவதோடு மட்டும் நிற்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகவாண்மை அதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்துள்ளது. ஆகவே, தாத்தா பட்டறையை மூட வேண்டும். இல்லையேல் வீட்டைவிட்டுத் தள்ளி அமைக்க வேண்டும். கொட்டகையின் மேல்தளம் அவருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே இடம் எனக் கொள்வோம்.

இப்போது தாளை எடுத்து எங்கிருந்து வரையத் தொடங்குவீர்கள்? பெரும்பாலோர் தரையிலிருந்து தொடங்குவர். மகிழுந்தை அளந்து, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி, கூரை போட்டு, எஞ்சிய இடத்தைப் பட்டறை என்பர். வரைபடம் அழகாகவே இருக்கும். கட்டி முடித்த பிறகுதான் தாத்தா நிமிர்ந்து நிற்க முடியவில்லை என்பது தெரியும். எனவே நாம் மேலிருந்து கீழே வருவோம்.

மகிழுந்துக்குத் தேவையான இடத்தை விரைவில் முடித்துவிடலாம். 2017ஆம் ஆண்டு வெளிவந்த பெரோடுவா மைவி ஏறத்தாழ 3.9 மீட்டர் நீளமும் 1.74 மீட்டர் அகலமும் உடையது. கதவைத் திறந்து இறங்க இருபுறமும் இடம் வேண்டும். இரண்டு மகிழுந்துகளை அருகருகே நிறுத்த, உள்ளளவு 6 மீட்டருக்கு 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தரைப்பரப்பு 36 சதுர மீட்டர்.

மேல்தளத்திற்கும் அதே 36 சதுர மீட்டர் கிடைக்கும் என்று எண்ணத் தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள். இருபுறமும் 45 பாகை சரிந்து நடுவில் சேரும் கூரையை மேல்தளத் தரையிலிருந்தே தொடங்குவதாகக் கொள்வோம். ஓரத்திலிருந்து 1 மீட்டர் உள்ளே வந்தால் உயரம் 1 மீட்டர். 2 மீட்டர் வந்தால் 2 மீட்டர். நடுவில் 3 மீட்டர். ஒருவர் தலை இடிக்காமல் நின்று வேலை செய்ய 2 மீட்டர் உயரமாவது வேண்டும். அந்த உயரம் இடப்பக்கம் 2 மீட்டருக்கு அப்பால்தான் தொடங்குகிறது, வலப்பக்கமும் அப்படியே. ஆகவே 6 மீட்டர் அகலத்தில் நிமிர்ந்து நிற்கத்தக்க பகுதி வெறும் 2 மீட்டர். மூன்றில் இரண்டு பங்கு, முன்பு சொன்ன அடுக்களைப் பரண் போல ஆகிவிடுகிறது.

இனி ஒரு சிறு மாற்றம் செய்வோம். கூரை தொடங்கும் இடத்தில் 1 மீட்டர் உயரத்திற்கு ஒரு குட்டைச் சுவரை எழுப்பி, அதன்மேல் கூரையை வைப்போம். ஓரத்தில் உயரம் 1 மீட்டர். உள்ளே 1 மீட்டர் வந்ததுமே 2 மீட்டர் கிடைத்துவிடுகிறது. நிற்கும் அகலம் 2 மீட்டரிலிருந்து 4 மீட்டராகிறது. சில வரிசைக் கல் அடுக்கியதற்கு இரண்டு மடங்கு இடம்! இந்தக் கட்டடத்தில் வேறு எந்தச் செலவும் இவ்வளவு பயன் தருவதில்லை. வேலை மேசையையும் அந்தக் குட்டைச் சுவரை ஒட்டியே போடலாம். மேசை 70 சென்டிமீட்டர் அகலம் இருந்தால், அதன் முன்னே நிற்பவரின் தலை ஏறத்தாழ 2 மீட்டர் உயரம் உள்ள இடத்தில் வந்துவிடும். சரிவான கூரை மேசைக்கு மேலே இருக்கும். அங்கே யாரும் தலையை நீட்டப்போவதில்லை.

அடுத்தது சுமை. கட்டடப் பொறியியலாளர் தரையைப் பார்க்கும்போது, அதன்மேல் ஏறி இறங்கும் எடையைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிலோநியூட்டன் என்று கணக்கிடுவார். வீட்டு அறைகளுக்குப் பொதுவாகக் கொள்ளும் அளவு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 150 கிலோகிராம். கட்டில், நாற்காலி, மனிதர் ஆகியவற்றுக்கு அது போதும். பட்டறைக்குப் போதாது. நம் காட்டு வன்மரமான செங்கால், கன மீட்டருக்கு 900 கிலோகிராமுக்கு மேல் எடையுள்ளது. அதனை 1 சதுர மீட்டர் பரப்பில் அரை மீட்டர் உயரத்திற்கு நெருக்கமாக அடுக்கினால் 450 கிலோகிராமைத் தாண்டும். வீட்டு அறைக்குக் கணக்கிட்ட அளவைப் போல் மூன்று மடங்கு, முழங்கால் உயர அடுக்கிலேயே வந்துவிடுகிறது. பொறியியலாளரிடம் “மேலே ஓர் அறை” என்று சொன்னால் அவர் ஓர் அறைக்குத்தான் கணக்கிடுவார். “மேலே மரப்பட்டறை; ரம்ப மேசை இங்கே, துளைப்பொறி அங்கே” என்று சொல்ல வேண்டும். ஒரு சொல் மாறினால் கம்பியின் தடிப்பு மாறும். இருப்பு மரத்தைக் கீழ்த்தளத்தில் சுவரோரமாக அடுக்கிவிட்டு, அன்றைய வேலைக்குரியதை மட்டும் மேலே ஏற்றுவது இன்னும் நல்லது.

இந்தச் சுமையைத் தாங்கும் உத்தரம் கீழே மகிழுந்துகளுக்கு மேலாகச் செல்கிறது. நடுவில் தூண் இல்லாமல் 6 மீட்டரையும் ஒரே உத்தரத்தால் தாண்டலாமா? தாண்டலாம். ஆனால், இயற்பியல் அதற்கு விலை கேட்கும். ஒரே வகையான உத்தரத்தின்மீது சுமை சீராகப் பரவியிருக்கும்போது, அதன் நீளத்தை இரட்டித்தால் நடுவில் ஏற்படும் தொய்வு இருமடங்காவதில்லை, 16 மடங்காகிறது. ரம்ப மேசை நிற்கும் தரை அதிர்ந்தால் வெட்டு நேராக வராது, விரலுக்கும் ஆபத்து. அந்தத் தொய்வைக் குறைக்க உத்தரத்தின் ஆழத்தைக் கூட்ட வேண்டும். கான்கிரீட் உத்தரத்தின் ஆழத்தை நீளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று தோராயமாக எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குவது வழக்கம். 6 மீட்டருக்கு அது அரை மீட்டர். நடுவில் ஒரு தூண் நட்டால் நீளம் 3 மீட்டராகும். 25 சென்டிமீட்டர் ஆழம் வரும். பாதுகாப்பாக 30 சென்டிமீட்டர் என்று கொள்வோம்.

“கொட்டகையின் நடுவில் தூணா? மகிழுந்து இடிக்குமே!” என்று வீட்டார் தயங்குவர். தூண் நிற்பது இரண்டு மகிழுந்துகளுக்கு இடையில். கதவு திறக்கும் இடத்தைத் தவிர்த்து, சற்றுப் பின்தள்ளி நட்டால் இடையூறு குறைவு. தூண் தேவை என்பதே என் கருத்து. அதற்கான காரணம் உத்தரத்தோடு முடியவில்லை. அது படிக்கட்டுவரை நீள்கிறது.

கீழ்த்தளத்தில் உத்தரத்தின் அடிவரை 2.4 மீட்டர் உயரம் விடுவோம். அதனுடன் 30 சென்டிமீட்டர் உத்தரம் சேர்ந்தால், மேல்தளத் தரை 2.7 மீட்டர் உயரத்தில் இருக்கும். மலேசியாவின் 1984ஆம் ஆண்டுச் சீரான கட்டடத் துணைச்சட்டங்களின்படி, ஒரு படியின் உயரம் 180 மில்லிமீட்டரை மிஞ்சக்கூடாது. கால் வைக்கும் அகலம் 255 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. 2,700ஐ 180ஆல் வகுத்தால் சரியாக 15. பதினைந்து ஏற்றங்களுக்கு இடையே பதினான்கு மிதிப்படிகள்; 14 × 255 = 3,570 மில்லிமீட்டர். படிக்கட்டு ஏறத்தாழ 3.6 மீட்டர் நீளும். தூணைக் கைவிட்டு அரை மீட்டர் உத்தரம் வைத்திருந்தால், தரை 2.9 மீட்டர் உயரத்திற்குப் போயிருக்கும்; ஏற்றங்கள் 17 ஆகியிருக்கும்; படிக்கட்டு 4 மீட்டரைத் தாண்டியிருக்கும். ஒரு தூண், அரை மீட்டர் படிக்கட்டை மிச்சப்படுத்துகிறது. முழங்கால் வலியுள்ள தாத்தாவுக்கு இரண்டு படிகள் குறைவது சிறிய செய்தியன்று.

படிக்கட்டுக்குப் பதிலாக ஏணி வைத்தால் இடம் மிச்சமாகுமே என்று கேட்கலாம். ஏணியில் ஏற இரண்டு கைகளும் வேண்டும். உளியும் இழைப்புளியும் எந்தக் கையில் வரும்?

இனி, இந்தக் கட்டடத்தில் உயிரோடு தொடர்புடைய செய்திக்கு வருவோம். படிக்கட்டைக் கொட்டகைக்கு உள்ளே வைத்தால் மழையில் நனையாமல் ஏறலாம். ஆனால், தரையில் அதற்கென விடும் திறப்பு, கீழிருக்கும் காற்றையும் மேலே அனுப்பும். மகிழுந்தின் இயந்திரம் வெளியிடும் புகையில் கார்பன் மோனாக்சைடு உள்ளது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் உயிர்வளியைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் அதைப் பற்றிக்கொள்கிறது. இயந்திரத்திலிருந்து வரும் புகை சூடாக இருப்பதால் மேல்நோக்கி எழும். கீழே ஒருவர் மகிழுந்தை முடுக்கிவிட்டு, ஏதோ நினைவில் வீட்டுக்குள் போய்விட்டால், மேலே குனிந்து மரம் இழைத்துக்கொண்டிருப்பவருக்குத் தலைச்சுற்றல் வரும். அதைக் களைப்பு என்றே அவர் எண்ணுவார்.

பெட்ரோல் ஆவி இதற்கு மாறானது. அது காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகத் தங்கும். அங்கே ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும். மேலேயோ காய்ந்த மரமும் தூளும். காற்றில் மிதக்கும் நுண்ணிய மரத்தூள் வெடிக்கவும் கூடும். எனவே இரண்டு தளங்களுக்கும் இடையில் ஓட்டையில்லாத, எளிதில் தீப்பற்றாத தடுப்பு வேண்டும். அமெரிக்க வரைபடங்களில் பெரும்பாலும் மரச்சட்டங்களால் ஆன தரை காணப்படும். இங்கே கான்கிரீட் தளமே மேல் என்பேன். 125 மில்லிமீட்டர் தடிப்புள்ள தளம் சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன் எடையுள்ளது. அதாவது வீட்டு அறைக்குக் கணக்கிடும் சுமையைப் போல் இருமடங்கு எடை அதற்கே உண்டு. அடித்தளம் பெரிதாகும், செலவும் கூடும். ஆயினும் அது தீயைத் தடுக்கும், புகையைத் தடுக்கும், ரம்பத்தின் ஓசையையும் ஓரளவு அடக்கும். கறையானும் அதைத் தின்னாது.

படிக்கட்டு வெளியே போகட்டும். அதற்கு மேலே ஒரு சிறு கூரையும், ஈரத்தில் வழுக்காத படிகளும், உறுதியான கைப்பிடியும் போதும். தீ எழுந்தால் மகிழுந்துகளின் நடுவே இறங்காமல் நேரே முற்றத்துக்கு இறங்கிவிடலாம்.

படிக்கட்டால் தீராத சிக்கல் ஒன்று எஞ்சியிருக்கிறது. எட்டடிக்கு நான்கடி அளவுள்ள 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை ஒன்று 30 கிலோகிராமுக்குக் குறையாது. அதைத் தூக்கிக்கொண்டு படியேறித் திரும்புவது இளைஞருக்கே கடினம். அதைவிட வேடிக்கை, மேலே செய்து முடித்த அலமாரி கீழே இறங்க மறுப்பது! நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் கால்வாய்க் கரையோரப் பழைய வீடுகளின் உச்சியில் ஒரு விட்டம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். அவ்வீடுகளின் படிக்கட்டுகள் மிகக் குறுகியவை. அதனால், பொருள்களைக் கயிற்றில் கட்டி, அந்த விட்டத்தில் தொங்கும் கப்பி வழியாக இழுத்துச் சன்னலுக்குள் ஏற்றுவார்கள். நாமும் பின்பக்க முக்கோணச் சுவரில் அகலமான இரட்டைக் கதவு வைத்து, அதற்கு மேலே ஒரு விட்டத்தை நீட்டலாம்.

இங்கே மாணவர் பலர் தவறும் ஒரு கணக்கு உண்டு. 30 கிலோகிராம் பலகையை நிலைக்கப்பி ஒன்றில் கட்டிக் கீழே நின்று இழுத்தால், விட்டத்தின் கொக்கி தாங்கும் எடை எவ்வளவு? முப்பது அன்று, ஏறத்தாழ அறுபது. பலகை ஒருபக்கம் கீழே இழுக்கிறது. அதே விசையோடு நாமும் மறுபக்கம் கீழே இழுக்கிறோம். 100 கிலோகிராம் பொறியை ஏற்றினால் கொக்கிக்கு 200. “நூறு தாங்கும்” என்று வாங்கிய கொக்கி அன்று என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஏற்றும்போது கீழே எவரும் நிற்கக்கூடாது. அதனால்தான் கதவு பின்பக்கம், மகிழுந்து வரும் வழியில் இல்லை.

ஒளியும் காற்றும் பற்றி அதே துணைச்சட்டங்கள் தெளிவாகக் கூறுகின்றன. அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாத பரப்பில் சன்னல் வேண்டும். காற்று தடையின்றிச் செல்லும் திறப்பு 5 விழுக்காடாவது வேண்டும். நம் 36 சதுர மீட்டருக்கு அவை முறையே 3.6, 1.8 சதுர மீட்டர். பக்கச் சுவர்கள் 1 மீட்டர் உயரமே உள்ளதால், சன்னல்களை முன்பின் முக்கோணச் சுவர்களில்தான் வைக்க முடியும். அந்தச் சுவர்கள் கிழக்கையும் மேற்கையும் நோக்கினால் காலையிலும் மாலையிலும் தாழ்ந்த வெயில் நேரே கண்ணில் படும். ரம்பத்தின் பல்லைப் பார்க்க முடியாது. வடக்கையும் தெற்கையும் நோக்கி அமைப்பதே நல்லது. அப்போது கூரைச் சரிவுகள் கிழக்கிலும் மேற்கிலும் அமைந்து வெப்பத்தை வாங்கும் என்பது உண்மைதான். நிலநடுக்கோட்டுக்கு அருகே நண்பகல் வெயில் எப்படி வைத்தாலும் தலைக்கு மேலேதான். கூரைத் தகட்டுக்கு அடியில் வெப்பத்தடுப்புப் படலமும் காற்றோடும் இடைவெளியும் விட்டு, உச்சியில் சூடான காற்று வெளியேற வழி செய்ய வேண்டும். குளிர்நாட்டு வரைபடத்தை அப்படியே எடுத்துக் கட்டுவோர் சறுக்குவது இங்கேதான். அந்தக் கூரை, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே விடாமல் காப்பதற்காக வரையப்பட்டது.

மின்கம்பி, விளக்கு, தூள் உறிஞ்சும் பொறி ஆகியவற்றைத் தகுதிபெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடலாம்.

நம் நிலத்தில் நாம் கட்டுவதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்று சிலர் நினைப்பதுண்டு. 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வமான முன் இசைவின்றி எந்தக் கட்டடமும் எழுப்பக்கூடாது. நம் கட்டடத்தின் உச்சி தரையிலிருந்து 2.7, 1, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 6.7 மீட்டர் உயரத்தில் இருக்கும். அண்டை வீட்டாரின் சன்னலுக்கு நேரே அது நிழல் விழச் செய்யலாம். ரம்பத்தின் ஓசையும் அவர்களுக்குக் கேட்கலாம். எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பதை மன்றம் சொல்லும். எந்த நேரத்தில் ரம்பத்தை நிறுத்த வேண்டும் என்பதை, கட்டுவதற்கு முன்பே அண்டை வீட்டாரிடம் பேசி முடிவு செய்துகொள்வது தாத்தாவின் பொறுப்பு.

உச்சி மிக உயரம் என்று மன்றம் வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிட்டதாகக் கொள்வோம். கூரையின் சரிவை 45 பாகையிலிருந்து 30 பாகையாகக் குறைக்கிறீர்கள். இப்போது ஓரத்திலிருந்து 1 மீட்டர் உள்ளே வந்தால் கூரை ஏறத்தாழ 0.58 மீட்டர் மட்டுமே உயரும். குட்டைச் சுவர் 1 மீட்டராகவே இருந்தால், நிற்கும் அகலம் 4 மீட்டரிலிருந்து ஏறத்தாழ 2.5 மீட்டராகச் சுருங்கிவிடும். தாத்தாவுக்கு அந்த 4 மீட்டரைத் திருப்பித் தரக் குட்டைச் சுவரை எவ்வளவு உயர்த்த வேண்டும்? உயர்த்திய பிறகு கட்டடத்தின் உச்சி எங்கே வந்து நிற்கும்? உங்கள் குறிப்பேட்டில் முதலில் மேல்தளத்தை வரைந்து, அதில் நிமிர்ந்து நிற்கும் ஓர் ஆளையும் வரைந்துவிட்டுக் கணக்கிடுங்கள்.